முயல் உரோமமும் திருகோணமலை வெயிலும்

திருகோணமலை நகரைச் சுற்றியுள்ள ஊர்களில், உப்புவெளியிலிருந்து தம்பலகாமம் வரைக்கும், வளவின் பின்பக்கத்தில் கிடுகால் வேய்ந்த சிறு கொட்டிலில் நான்கைந்து முயல்களை வைத்திருக்கும் வீடுகளைக் காணலாம். பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிய ஒரு சோடி ஆறு மாதத்துக்குள் இருபதாகப் பெருகி, கடைசியில் அவற்றுட் சில கறிச்சட்டிக்குப் போவதுதான் பெரும்பாலும் இந்தக் கொட்டில்களின் வரலாறு. இறைச்சி சமைக்கப்படுகிறது; தோல் தென்னை மரத்தடியில் புதைக்கப்படுகிறது. இவ்வளவு மென்மையான ஒன்றை மண்ணில் புதைக்கிறோமே, மேல்நாடுகளில் இதையே மேலங்கியாகத் தைத்து விற்கிறார்களே என்ற எண்ணம் அந்தக் குழியை வெட்டுகிறவருக்கு ஒரு தடவையாவது வராமல் இராது. குட்டி விற்பவரிடம் கேட்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுபோல, தன் முயலின் உரோமத்துக்கு நிகரில்லை என்றுதான் அவர் சொல்வார்.

ஒரு முயலின் தோல் விலைபோகும் உரோமத் தோலாவதற்கு இனம், வயது, குளிர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். இனத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். வயதைத் தீனி போட்டுக் காத்திருந்து பெறலாம். குளிரை மட்டும் திருகோணமலையில் எந்த விலைக்கும் வாங்க முடியாது. முயல் வளர்ப்பைப் பற்றிய கையேடுகள் பலவும் குளிர்நாட்டு அனுபவத்திலிருந்து பிறந்தவையாதலால், இந்த மூன்றாவதை அவை சொல்லாமலே கடந்துவிடுகின்றன. அங்கே குளிர் என்பது காற்றைப் போலக் கேட்காமலே கிடைப்பது.

முதலில் உரோமம் என்பது என்னவென்று பார்க்க வேண்டும். சாதாரண முயலின் மேனியில் மூவகை மயிர்கள் உள்ளன. மிக நீண்டதும் தடித்ததுமான சில மயிர்கள் மேலே தலைநீட்டி நிற்கும். அவற்றுக்குக் கீழே, மழையையும் முள்ளையும் தாங்கி உட்புறத்தைக் காக்கும் விறைப்பான மேல்மயிர் படர்ந்திருக்கும். அதற்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில், பஞ்சு போன்ற அடிமயிர் அடர்ந்திருக்கும். உடலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது இந்த அடிமயிர்தான். மயிரின் நடுவே சிறு சிறு காற்றறைகள் இருப்பதால் அது எடையற்றதாகவும், அதே வேளை மிகுந்த கதகதப்புடையதாகவும் இருக்கிறது. உரோமத் தோலின் மதிப்பு முழுவதும் இந்த அடிமயிரின் அடர்த்தியிலும், அது தோலில் எவ்வளவு உறுதியாக வேரூன்றி நிற்கிறது என்பதிலும் தங்கியுள்ளது.

அந்த உறுதி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சாதாரண முயலின் ஒவ்வொரு மயிரும் ஏறத்தாழ ஐந்து வாரம் வளர்ந்து, பின்னர் வளர்ச்சியை நிறுத்தி ஓய்ந்து நின்று, ஒரு பருவத்தில் உதிர்ந்து புதிய மயிருக்கு இடம் விடுகிறது. வளர்ந்து முடிந்து ஓய்ந்து நிற்கும் காலத்தில் தோலை எடுத்தால் மயிர் பிடித்து நிற்கும். வளரும் காலத்திலோ உதிரும் காலத்திலோ எடுத்தால், பதனிட்ட பிறகும் கையோடு கொத்துக் கொத்தாக வந்துவிடும். இதைக் கண்டறிய நிறமுள்ள முயல்களில் எளிய வழி ஒன்றுண்டு: உரித்த தோலின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் மயிர் முதிர்ந்துவிட்டது, கருநீலத் திட்டுகள் தெரிந்தால், அந்த இடங்களில் மயிர்வேர்கள் இன்னமும் நிறமியைச் செலுத்தி மயிரை வளர்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வெள்ளை முயலில் இந்தச் சாட்சி கிடையாது. அதில் உயிரோடிருக்கும்போதே மயிரை ஊதி விலக்கிப் பார்த்து, புதுமயிர் முளைக்கிறதா என்று தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சுழற்சியை நடத்தும் கடிகாரம் பகலின் நீளம். இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, இருட்டில் மூளையில் சுரக்கும் மெலற்றோனின் என்ற இயக்குநீர் நீண்ட நேரம் சுரந்து, அதன் விளைவாக முயலின் உடல் குளிர்காலப் போர்வையை நெய்யத் தொடங்குகிறது. குளிரும் அதற்குத் துணைநிற்கிறது. வட ஐரோப்பாவில் நவம்பர் முதல் மார்ச் வரை எடுக்கப்படும் தோல்களே முதல் தரமாகக் கொள்ளப்படுவது இதனால்தான். பாரிஸ் நகரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறத்தாழ 8 மணித்தியால வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கும் திருகோணமலையில் அந்த வேறுபாடு சுமார் 1 மணித்தியாலம் மட்டுமே. மார்கழியிலும் தையிலும் கூட இரவு வெப்பநிலை 23, 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே எமது முயலுக்குக் குளிர்காலம் வருகிறது என்று சொல்ல வானமும் இல்லை, காற்றும் இல்லை. அது ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக உதிர்த்து முளைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தோலில் முழுமேனியும் ஒரே சமயத்தில் முதிர்ந்து நிற்கும் நாளைப் பிடிப்பது மிகக் கடினம்.

போர்வை மெல்லியதாக இருப்பது வெறும் வணிகக் குறை அன்று. அது முயல் உயிர் தப்பும் வழியும் கூட. முயலுக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. அதன் உடற்சூடு பெரும்பாலும் காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெளியேறுகிறது. 15 முதல் 25 பாகை வரையான வெப்பநிலையில் அது நிம்மதியாக இருக்கும். 30 பாகையைத் தாண்டினால் தீனியைக் குறைக்கும். 35 பாகையை எட்டிப் பல நாட்கள் நின்றால் கிடாய் முயல் பல வாரங்களுக்கு மலடாகிவிடும், சினை முயல் செத்தும் போகலாம். வைகாசியிலிருந்து ஆவணி வரை, கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலை அள்ளிக்கொண்டு வரும் காலத்தில், திருகோணமலையின் பகல் வெப்பநிலை 33, 34 பாகையில் நிற்பது வழக்கம். அதற்குத் தகரக் கூரையும் சேர்ந்துவிட்டால், கொட்டிலுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த வெயிலில் அடர்ந்த உரோமமுள்ள ஒரு முயலை வளர்ப்பது, பங்குனி உச்சிவெயிலில் ஒருவருக்குக் கம்பளிச் சட்டை போட்டு வெளியே நிறுத்துவதற்கு ஒப்பானது. முயல் கம்பளிக்கென்று இந்தியாவில் அங்கோரா இனத்தை வைத்து ஆராயும் நிலையம் இமாசலப் பிரதேசத்தின் கார்சாவில் இருப்பதும், தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் நடப்பதும் தற்செயலல்ல. இலங்கையில் அத்தகைய குளிர் வேண்டுமானால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். அங்கும் குளிர் கிடைக்குமே தவிர, பகலின் நீளம் திருகோணமலையைப் போலவேதான் இருக்கும்.

இனத்தைப் பற்றிச் சொல்வதானால் இரண்டு பெயர்கள் போதும். ஒன்று ரெக்ஸ். 1919ஆம் ஆண்டு பிரான்சின் சார்த் மாவட்டத்துப் பண்ணையொன்றில், மேல்மயிர் அடிமயிரின் உயரத்துக்குக் குறுகிப்போன வினோதமான குட்டிகள் பிறந்தன. ஊர்ப் பாதிரியாரான ஜில்லே அவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார். 1924ஆம் ஆண்டு அவை பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கிய மரபணு மாற்றம் அது. ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்தில், வெல்வெட் துணியைப் போல நிமிர்ந்து நிற்கும் அந்த உரோமத்தை எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மென்மையாக இருக்கும். சாதாரண முயல் ஒன்றுடன் ரெக்ஸைக் கலந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் சாதாரண மயிருடனேயே பிறக்கும் என்பதை அறியாமல் ஏமாந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

மற்றது அங்கோரா. இது தோலுக்கானதன்று, செம்மறியைப் போல மூன்று மாதத்துக்கொரு தடவை கத்தரித்து எடுக்கும் கம்பளிக்கானது. அதன் மயிர் ஐந்து வாரத்துடன் நின்றுவிடாமல் பதினான்கு வாரம்வரை வளர்வதுதான் அதன் இரகசியம். நல்ல இனத்து முயலொன்று ஆண்டுக்கு ஒரு கிலோகிராமளவு கம்பளி தரும். கொல்லாமல் எடுக்கும் உரோமம் என்ற நற்பெயர் அங்கோராவுக்கு நீண்ட காலம் இருந்தது. அதிகமாக அதை உற்பத்தி செய்யும் சீனாவில் உயிருள்ள முயல்களின் மயிரைக் கையால் பிடுங்கும் காட்சிகள் 2013ஆம் ஆண்டு வெளியானபோது, ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் பல அதை வாங்குவதை நிறுத்தின. நற்பெயரும் அத்துடன் போயிற்று.

எமது பற்றைக்காடுகளில் ஓடித்திரியும் காட்டு முயலைப் பிடித்துப் பழக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது வேறு பேரினம். குழி தோண்டாது, வீட்டு முயலுடன் இணைந்து குட்டி ஈனாது, அதன் குட்டிகள் கண் திறந்தபடி மயிருடனேயே பிறக்கும். அதனுடைய மெல்லிய தோல் இந்தத் தொழிலுக்கு எவ்விதத்திலும் உதவாது.

இனி வயதுக் கணக்கு. இறைச்சிக்கான முயல் 10 முதல் 12 வாரத்தில் இரண்டு கிலோகிராமை எட்டிவிடும். அப்போது அறுப்பதே இலாபம். அந்த வயதில் அதன் மேனியில் இருப்பது குட்டிமயிரும், அதை உதிர்த்துக்கொண்டு முளைக்கும் இடைமயிரும் கலந்த ஒரு போர்வை. தோலோ கடதாசியைப் போன்றது. உரோமத்துக்கு உகந்த முதிர்ச்சி வர நாலரை, ஐந்து மாதமாவது ஆக வேண்டும். இடைப்பட்ட 60, 70 நாட்களில் ஒரு முயல் நாளொன்றுக்கு 120 கிராம் உலர்தீனி தின்றால், ஒரு தோலுக்காக ஏழெட்டுக் கிலோகிராம் தீனி கூடுதலாகப் போகிறது. அந்த நாட்களில் கிடாய்கள் ஒன்றையொன்று கடித்துத் தோலைக் கிழித்துவிடுமாதலால், ஒவ்வொன்றையும் தனிக் கூட்டில் அடைக்கவும் வேண்டும். கூடுதல் தீனி, கூடுதல் கூடு, கூடுதல் கச்சான் மாதங்கள் ஆகியவற்றின் செலவையெல்லாம் அந்தத் தோலின் மீதுதான் ஏற்ற வேண்டும். முயல் தோல் உலகச் சந்தையில் உரோமங்களுக்குள் மலிவானது என்பதை நினைவில் வைத்தால், கணக்கு எங்கே முறிகிறது என்பது விளங்கும். பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கூட, தோலுக்காகவே முயல் வளர்த்தவர்கள் சிலரே. பெரும்பாலான தோல்கள் இறைச்சித் தொழிலின் கழிவாக வந்தவைதான்.

தீனியில் ஒரு எச்சரிக்கை கிழக்கு மாகாணத்துக்கு முக்கியமானது. வேலிகளில் நிற்கும் இப்பில் இப்பில் இலையை ஆடு மாட்டுக்கு வெட்டிப் போடுகிறவர்கள் அதையே முயலுக்கும் போடுவது இயல்பு. புரதம் நிறைந்த இலைதான். ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் மயிர்வேரின் வளர்ச்சியைத் தடுத்து மயிரை உதிரச் செய்யும். கத்தரிக்கோல் இல்லாமல் செம்மறியின் கம்பளியைக் கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தலாமா என்றுகூட விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இறைச்சிக்கு வளர்ப்பவர் சிறிதளவு கொடுக்கலாம். உரோமத்தை எதிர்பார்ப்பவர் அந்த வேலிப் பக்கமே போகக் கூடாது. மாறாக எள்ளுப் புண்ணாக்கு உரோமத்துக்கு நல்லது. மயிர் என்பது கந்தகம் செறிந்த கெரற்றின் என்னும் புரதம். அதைக் கட்டத் தேவையான மெதியோனின் என்ற அமினோ அமிலம் எள்ளில் நிறைவாக உள்ளது. கூட்டின் அடித்தளம் கம்பிவலையாக இருப்பின் சாணமும் மூத்திரமும் கீழே விழுந்து மயிர் மஞ்சளாகாமல் இருக்கும் என்பது உண்மை. எனினும் ரெக்ஸ் முயலின் பாதத்திலும் மயிர் குட்டையானதால், வெறுங்கம்பியில் நின்று நின்று அதன் பின்னங்கால்களில் புண் வந்துவிடும். ஒரு மூலையில் பலகைத் துண்டொன்று கிடந்தால் அது தானே தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும்.

தோலை எடுத்துப் பாதுகாப்பதில்தான் இந்த ஊரின் காலநிலை இரண்டாம் தடவை குறுக்கிடுகிறது. பறைக்கும் மிருதங்கத்துக்கும் தோல் பதப்படுத்தும் முறை நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே மயிரைப் போக்குவதுதான் குறிக்கோள். சுண்ணாம்பு அதற்காகவே சேர்கிறது. உரோமத் தோலில் எல்லாமே தலைகீழ். மயிர்வேரைப் பற்றியிருக்கும் மெல்லிய படலத்தைப் பற்றீரியா தின்னத் தொடங்கினால் மயிர் கழன்றுவிடும். 30 பாகை வெப்பத்தில் உரித்த தோலைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிட்டு, சமையல் முடிந்த பின் பார்ப்போம் என்றிருந்தால், அதற்குள் பாதி வேலை பற்றீரியாவே செய்து முடித்திருக்கும். குளிர்நாட்டு வழக்கப்படி, தோலைச் சட்டையைக் கழற்றுவதுபோல முழுதாக உரித்து, மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி வளைந்த கம்பியொன்றில் மாட்டி, 18 முதல் 22 பாகை வெப்பநிலையில் காற்றோட்டமான நிழலில் காயவைப்பார்கள், உப்புக்கூடத் தேவைப்படாது. இங்கே வெயிலில் காயவைத்தால் ஈரத்தோல் வெந்து பசையாகி, அந்த இடங்கள் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் இளகாது. கார்த்திகை, மார்கழி மாதங்களின் வாடை மழையிலோ எதுவும் காயாது, புழுத்துத்தான் போகும். ஆகவே உப்பே துணை. உரித்தவுடன் கொழுப்பையும் இறைச்சித் துணுக்கையும் மழுங்கிய கத்தியால் சுரண்டிவிட்டு, தோலின் எடையில் பாதியளவாவது உப்பைத் தோற்பக்கத்தில் தேய்த்து, நீர் வடியும்படி சாய்வாக வைக்க வேண்டும். நிலாவெளியில் உப்பளம் இருக்கும் மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை.

பதனிட வீட்டளவில் கையாளக்கூடியது படிகாரம். எங்கள் பக்கத்து மருந்துச் சரக்குக் கடையில் சீனாக்காரம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உப்பு இரண்டு பங்கு, சீனாக்காரம் ஒரு பங்கு என்ற கணக்கில் நீரில் கரைத்து, உலோகமல்லாத பாத்திரத்தில் தோலை இரண்டு நாள் ஊறவைத்தால், உட்புறச் சவ்வு தளர்ந்து கையாலேயே உரிந்து வரும். பின்னர் ஒரு வாரம்வரை மீண்டும் ஊறவைத்து, கழுவிப் பிழிந்து, நிழலில் முக்கால்வாசி காய்ந்த நிலையில் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் போட்டு முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கத் தோல் வெளுத்து மென்மையாகும். இழுக்காமல் விட்டால் அப்பளம்போல விறைத்துவிடும். கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடும் இந்த வேலைதான் உண்மையில் அரைநாளைத் தின்கிறது.

திருகோணமலையின் வெட்டவெளிகளில் தானாக வளரும் ஆவாரையின் பட்டை தோல் பதனிடலில் பழம்பெருமை வாய்ந்தது, கடுக்காயும் அவ்வாறே. இவற்றால் பதனிட்ட தோல் நீருக்கு அஞ்சாது. ஆயினும் அவற்றின் துவர்ப்பு தோலை மட்டுமன்றி உரோமத்தையும் செம்பழுப்பாக்கிவிடும். வெள்ளை முயலுக்கு அது அழிவு, பழுப்பு முயலுக்கு ஒருவேளை அழகு. சீனாக்காரம் நிறத்தைக் காக்கும். ஆனால் நனைந்தால் அது கரைந்து வெளியேறித் தோல் மீண்டும் பச்சைத்தோலின் குணத்துக்குத் திரும்பிவிடும்.

முயல் தோலின் உண்மையான வணிக வரலாறு மேலங்கியில் இல்லை, தொப்பியில் இருக்கிறது. தரங்குறைந்த தோல்களின் மயிரை வெட்டியெடுத்து, நீராவியாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பிணையச் செய்தால், நெய்யாமலே உறுதியான, கம்பளி போன்ற துணி கிடைக்கும். மயிர் நன்றாகப் பிணைவதற்காகப் பாதரச நைத்திரேற்றைப் பூசும் வழக்கம் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பரவியது. அந்த ஆவியைச் சுவாசித்த தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் பேதலித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1941இல்தான் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1859ஆம் ஆண்டு வேட்டைப் பொழுதுபோக்குக்காக விடப்பட்ட 24 முயல்கள் பெருகிக் கண்டத்தையே மொட்டையடித்தபோது, அங்கே எழுந்த தொழில்களுள் முயல் மயிர்த் தொப்பியும் ஒன்று. அந்நாட்டில் பேர்பெற்ற அக்குப்ரா தொப்பிகள் இன்றும் முயல் மயிரில்தான் செய்யப்படுகின்றன. மேலங்கியாக விற்கப்பட்ட முயல் தோலோ தன் சொந்தப் பெயரில் விற்கப்பட்டது குறைவு. சாயமிட்டு, மயிரை மட்டமாகக் கத்தரித்து, கடல்நாய் போன்ற வேறு விலங்கின் தோலென்று மயங்கத்தக்க பெயர்களைச் சூட்டினார்கள். எந்த விலங்கின் தோல் என்று பெயர்ச்சீட்டில் எழுத வேண்டும் என அமெரிக்கா 1951இல் சட்டமியற்ற நேர்ந்ததற்கு முயலும் ஒரு காரணம்.

அந்தச் சந்தையும் இப்போது சுருங்குகிறது. உரோமத்துக்காக விலங்கு வளர்ப்பதை இங்கிலாந்து 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது. ஐரோப்பிய நாடுகள் பலவும் பின்தொடர்ந்தன. தோலுக்காக மட்டும் ஓர் உயிரைக் கொல்வது திருகோணமலையின் எந்தச் சமூகத்துக்கும் உவப்பானதன்று. கோணேசர் கோயிற் சுற்றாடலில் புலால் மறுப்போர் பலர். முயல் இறைச்சி ஆகுமானது எனக் கொள்ளும் கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களும் உண்பதற்காக அறுப்பவர்களே. விலங்குவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907இலேயே இயற்றப்பட்டது. அறுக்கும்போது முயலைக் காதில் தூக்கித் தொங்கவிடுவது போன்றவை வதை என்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதுமில்லை.

எனவே கொட்டிலை இறைச்சிக்கும் எருவுக்குமாக நடத்துவதே இந்த ஊருக்குப் பொருந்தும். முயற்புழுக்கையை மாட்டெருவைப் போல மக்க வைக்காமலே கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடலாம். புதைத்த தோலும் மயிரும் மெல்ல மெல்ல நைதரசனை விடுவித்து அந்தத் தென்னைக்கு ஊட்டுவதால், அந்தக் குழியும் முழு நட்டமன்று. அதற்கு மேலும் ஒரு தோலைக் காப்பாற்றிப் பார்க்க ஆசைப்படுவோர் இளங்குட்டிகளை விட்டுவிட்டு, ஈன்று ஓய்ந்ததால் கழிக்க வேண்டிய மூத்த பெண் முயலைத் தெரிவு செய்யலாம். அது கூடு கட்டத் தன் வயிற்று மயிரைப் பிடுங்கியிருக்குமாதலால், கடைசி ஈற்றுக்குப் பின் இரண்டு மாதமாவது பொறுத்து, மழைக் குளிர்ச்சி முற்றிலும் மாறாத தை கடைசியில் மயிரை ஊதிப் பார்த்து, முளைப்பு இல்லையென்றால் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ தேறும். சீனாக்காரத்தில் பதனிட்டுத் தைத்த சிறு கைப்பை ஒன்றை வேப்பிலை போட்ட தகரப்பெட்டியில் பூச்சிக்கு எட்டாமல் வைத்து, வாடை மழைக்கு வெளியே எடுக்காமல் இருந்தால், பல வருடம் கெடாமல் கிடக்கும்.